ரவாங் ஈயச் சுரங்கம் முதல் நம் வீட்டு மாவரைக்கும் இயந்திரம் வரை: மூன்றாவது கம்பியின் வரலாறு



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் மின்சாரப் பாதுகாப்பைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு மூன்று கால் பிளக்கை வைத்துக்கொண்டு, "ஈரக் கையால் தொடக்கூடாது" என்ற வழக்கமான பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

"டீச்சர், எங்க வீட்டுல ரெண்டு கால் பிளக்குதான். மேல் ஓட்டையில பேனா மூடியை விட்டு அமுக்கினா உள்ள போயிடும். அப்ப அந்த மூணாவது கால் எதுக்கு டீச்சர்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கான விடையை நான் பாடநூலில் படித்தறியவில்லை. என் எட்டாவது வயதில், ஒரு சாவு வீட்டில் அறிந்துகொண்டேன். அன்று அவனுக்கு நான் சொன்னது சுருக்கமான விடை. விரிவான விடை ஒரு வரலாறு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நம் இனத்தவர் ஒருவரும் இருக்கிறார் என்பதால் இதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தோட்டத்தில் ஒரு விடியற்காலை

நான் பிறந்து வளர்ந்தது கிள்ளான் வட்டாரத்தில் ஒரு இரப்பர்த் தோட்டம். என் தந்தையார் தோட்டத்து ஆலையில் வேலை செய்தார். இரப்பர்ப் பாலை உறைய வைத்து, உருளைகளுக்கிடையே விட்டு, தகடாக நசுக்கி எடுக்கும் இயந்திரங்கள் அங்கு இருந்தன. உருளைகளின்மீது தண்ணீர் ஓயாமல் வழிந்துகொண்டிருக்கும். தரை என்றைக்கும் ஈரம். வேலை செய்வோர் பலர் வெறுங்காலோடு நிற்பார்கள்.

1988ஆம் ஆண்டு ஒரு விடியற்காலை, என் தந்தையாரின் நண்பர் ஒருவர் மோட்டார் சூடாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதன் கூட்டின்மீது உள்ளங்கையை வைத்தார். அன்றாடம் எல்லாரும் செய்யும் செயல்தான் அது. வைத்த கையை அவரால் எடுக்க முடியவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லயத்தில் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "அவருக்கு நேரம் வந்துடுச்சு." பெரியவர்கள் மாரியம்மன் கோவிலில் படையல் போட்டார்கள். சில நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அந்த மோட்டாரைக் கம்பி சுற்றுவதற்காக வெளியே அனுப்பியிருந்தார்களாம். திரும்பக் கொண்டுவந்து பூட்டியபோது, அதன் காலடியில் இருந்த பச்சைக் கம்பியை மட்டும் யாரும் மீண்டும் மாட்டவில்லையாம். "ஒரு நட்டு, ஒரு கம்பி. அவ்வளவுதான்" என்றார். அதன்பிறகு, ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு நாளும் மோட்டாரை ஓட்டுவதற்கு முன்பு அந்தக் கம்பி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது அவருடைய வழக்கமாயிற்று.

நேரம் என்று நம் மக்கள் சொன்ன அந்தச் சாவுக்குக் காரணம், மாட்டாமல் விட்ட ஒரு கம்பி. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதே என் நோக்கம்.

ரவாங்கில் வந்த மின்சாரம்

நம் நாட்டில் மின்சாரத்தின் வரலாறு கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங் என்ற சுரங்க நகரத்தில் தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டு அங்கு மின்னாக்கியை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. மற்றவர் நம் கே. தம்புசாமிப் பிள்ளை அவர்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தையும் பத்துமலை முருகன் வழிபாட்டையும் தோற்றுவித்தவர் என்றே நம்மில் பெரும்பாலோர் அவரை அறிவோம். அவர் சிங்கப்பூரில் பிறந்து ராபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்றவர் என்பதும், விக்டோரியா கல்வி நிலையம் 1893இல் உருவானபோது அதன் முதல் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தார் என்பதும், ஈயச் சுரங்கத்தில் மின்சாரப் பம்புகளை முதன்முதலாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் என்பதும் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. 1902இல் அவர் மறைந்தார்.

ஈயச் சுரங்கத்திற்கு மின்சாரம் ஏன் தேவைப்பட்டது? விளக்கிற்காக மட்டுமன்று. ஈயமண்ணைத் தோண்டத் தோண்டப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீரை இறைத்தால்தான் மேலும் தோண்ட முடியும். அந்த இறைக்கும் வேலையைத்தான் மின்சாரம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, நம் மண்ணில் மின்சாரம் முதன்முதலில் உழைத்த இடமே தண்ணீரும் சேறும் நிறைந்த இடமாக இருந்தது. மின்சாரம், தண்ணீர், இரும்பு, வெறுங்காலோடு உழைக்கும் மனிதர் என்ற இந்த நான்கும் அன்று தொட்டு இன்று வரை நம்மோடு சேர்ந்தே வருகின்றன.

பிறகு மின்சாரம் பரவியது. 1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியமாகப் பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. ஆயினும் தோட்டங்களில் நிலைமை வேறு. ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் வந்த மின்சாரம் லயத்து வீடுகளுக்கு மெதுவாகத்தான் வந்தது. எங்கள் லயத்தில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே விளக்கு எரியும். அதனால் மின்சாரத்தை நம் மக்கள் முதலில் அறிந்தது வீட்டுப் பொருளாக அன்று, வேலையிடத்து இயந்திரமாகத்தான்.

முதலில் அஞ்சியது தீயைக் கண்டு

மின்சாரம் வந்த தொடக்கத்தில் உலகம் அஞ்சியது தீவிபத்தைக் கண்டுதான். 1882இல் இலண்டனில் தந்திப் பொறியாளர்கள் சங்கம் வெளியிட்ட முதல் மின்னிணைப்பு விதிகளின் தலைப்பிலேயே, மின்விளக்குகளால் நேரும் தீ அபாயத்தைத் தடுப்பதற்கான விதிகள் என்றுதான் இருந்தது. அதற்கு முன்பே, 1879இல், பிரான்சின் லியோன் நகரில் நாடக அரங்கில் பணிபுரிந்த தச்சர் ஒருவர் 250 வோல்ட் மின்சாரம் தாக்கி இறந்திருந்தார். ஆயினும் மனித உடலைக் காப்பதற்கான விதிகள் மெதுவாகத்தான் வந்தன.

மோட்டாரின் கூட்டை நிலத்தோடு இணைப்பதா வேண்டாமா என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. இணைத்தால், மின்காப்பு கெடும்போது பெரிய மின்னோட்டம் பாய்ந்து தீப்பிடிக்குமே என்று சிலர் அஞ்சினர். இணைக்காவிட்டால், கெட்டுப்போன மோட்டார் தன் நோயை மறைத்துக்கொண்டு, தொடுகிறவருக்காகக் காத்திருக்குமே என்று மற்றவர் வாதிட்டனர். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கிடைத்த அனுபவம் இரண்டாவது வாதத்தின் பக்கமே நின்றது. பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்கான மின்சார விதிகள் 1908இல் வந்தபோது, மின்கம்பி அல்லாத உலோகப் பகுதிகளில் மின்சாரம் ஏறி ஆபத்து விளையாதபடி, நிலத்தோடு இணைத்தோ வேறு தக்க வழியிலோ தடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டன. ரவாங்கில் மின்னாக்கி ஓடத் தொடங்கி 14 ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்த விதி எழுதப்பட்டது.

கூட்டில் மின்சாரம் எப்படி ஏறுகிறது?

மோட்டாரின் உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவை இரும்புப் பள்ளங்களுக்குள் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். கம்பிக்கும் இரும்புக்கும் இடையில் இருப்பது மெல்லிய வார்னிஷ் பூச்சும் காப்புத் தாளும் மட்டுமே. சூடு, ஈரம், தூசி, ஓயாத அதிர்வு ஆகியவை ஆண்டுக்கணக்கில் இந்த மெல்லிய காப்பைத் தின்கின்றன. ஒருநாள் ஓரிடத்தில் காப்பு கிழிந்து, செம்பு இரும்பைத் தொடுகிறது. அப்போதும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓசை மாறாது, வேகம் குறையாது. ஆனால் அதன் கூடு முழுவதும் மின்கம்பியாக மாறிவிட்டிருக்கும்.

இங்கு ஆசிரியர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். "மின்சாரம் பூமிக்குள் போய் மறைந்துவிடும்" என்று நாம் சில வேளைகளில் சொல்லிவிடுகிறோம். அது சரியன்று. மின்சாரம் எங்கும் மறைவதில்லை. புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. மின்மாற்றியின் நடுநிலைப் புள்ளி நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், நிலமும் அந்தத் திரும்பும் பாதையாகிறது. 1838இலேயே ஜெர்மானிய அறிஞர் ஸ்டைன்ஹைல், தந்திக்கு ஒரே கம்பி போதும், திரும்பும் பாதையாக நிலத்தையே பயன்படுத்தலாம் என்று காட்டியிருந்தார். ஈரத் தரையில் நின்று கூட்டைத் தொடும் மனிதர், அந்த வட்டத்தில் விடுபட்டிருந்த துண்டை இட்டு நிரப்புகிறார்.

இனி ஒரு சிறு கணக்கு. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் (2008க்கு முன்பு 240 எனக் குறிக்கப்பட்டது). ஈரக் கையும் வெறுங்காலும் உள்ளவரின் உடல் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்வோம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். பழைய 60 வாட் குண்டு விளக்கு ஒன்று எடுக்கும் மின்னோட்டத்தைவிடக் குறைவு. அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியல் நடத்திய ஆய்வுகளில், பிடித்த கம்பியைத் தாமே விடக்கூடிய எல்லை சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 எனத் தெரியவந்தது. அதற்குமேல் தசைகள் இறுகிவிடுகின்றன. அப்பாவின் நண்பர் கையை ஏன் எடுக்கவில்லை என்பதற்கு விடை இதுவே. 13 ஆம்பியர் உருகியோ இந்த 0.23 ஆம்பியரைப் பொருட்படுத்துவதே இல்லை. உருகி கம்பியையும் கட்டடத்தையும் தீயிலிருந்து காப்பதற்கு வைக்கப்பட்டது, மனிதரைக் காப்பதற்கன்று.

இப்போது அந்தப் பச்சைக் கம்பியை மாட்டிப் பார்ப்போம். ஓர் ஆலையில் கூட்டிலிருந்து மின்மாற்றி வரை கம்பிவழிப் பாதை முழுமையாக இருந்து, அதன் மொத்தத் தடை அரை ஓம் என்றால், காப்பு கிழிந்த அந்தக் கணமே 240 வோல்ட்டில் 480 ஆம்பியர் பாயும். உருகி உடனே உருகிவிடும், மோட்டார் நின்றுவிடும். யாரும் தொடுவதற்கு முன்பே கோளாறு தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும். 1988இல் அந்த ஆலையில் நடந்திருக்க வேண்டியது இதுதான்.

வீட்டில் கம்பி மட்டும் போதுமா?

வீட்டு நிலைமை சற்று வேறானது. நம் நாட்டு வீடுகளில் பொதுவாக எர்த் கம்பி வீட்டருகே நிலத்தில் அடிக்கப்பட்ட ஓர் உலோகக் கோலில் போய் முடிகிறது. அங்கிருந்து மின்சாரம் மண்வழியாகத்தான் திரும்ப வேண்டும். கோலின் தடை 10 ஓம், மின்மாற்றிப் பக்கத்துத் தடை 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், பாய்வது ஏறத்தாழ 21 ஆம்பியர். 13 ஆம்பியர் உருகி அதற்கு உடனே உருகிவிடாது. அதுவரை கூட்டில் ஆபத்தான மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

இந்தக் குறையை நீக்க வந்ததே நாம் இ.எல்.சி.பி. என்று அழைக்கும் மின்கசிவுத் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றும் நிகழாது. சிறிது வேறுபட்டாலும், எங்கோ கசிகிறது என்று உணர்ந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உயிரைக் காக்கும் அளவுக்கு நுண்ணிய இத்தகைய கருவி 1950களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக உருவாக்கப்பட்டது. மீண்டும் சுரங்கம்! நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள், ஈரமான இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100 என வரம்பு வகுத்துள்ளன.

"இ.எல்.சி.பி. இருக்கிறதே, பிறகு எர்த் எதற்கு?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. எர்த் கம்பி இருந்தால், காப்பு கெட்ட உடனேயே கசிவு அதன்வழி பாய்ந்து, துண்டிப்பான் செயல்படும். எர்த் இல்லையென்றால் கசிவதற்கு வழியில்லை. யாரேனும் தொடும்வரை துண்டிப்பான் காத்திருக்கும். அந்த யாரேனும் நம் பிள்ளையாக இருக்கலாம். அதுவும் 100 மில்லிஆம்பியர் துண்டிப்பான் என்றால், உயிரைப் பறிக்கும் மின்னோட்டம் உடலில் பாய்ந்தும் அது அசையாமல் இருக்கக்கூடும். ஆகவே இவ்விரண்டும் இணைபிரியாதவை.

கோயம்புத்தூர் ஆட்டுக்கல்லும் என் தவறும்

இவ்வளவும் எழுதுகிற நான் செய்த தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து கோயம்புத்தூர் மாவரைக்கும் இயந்திரம் ஒன்றை எங்களுக்காகக் கொண்டுவந்தார். அங்கும் 230 வோல்ட், இங்கும் 230 வோல்ட் என்பதால் அது நன்றாகவே ஓடியது. ஆனால் அதன் பிளக்கின் மூன்று கால்களும் உருண்டையானவை. நம் சுவர்த்துளையில் நுழையா. அவசரத்தில் ஒரு மலிவான மாற்றுப் பிளக்கை வாங்கி மாட்டினேன். இரண்டு ஆண்டுகள் அதில்தான் தோசை மாவு அரைத்தோம்.

ஒருநாள் மாமியார், "இதைத் தொட்டா விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்றார். என் கை நடுங்கிவிட்டது. தகுதிபெற்ற ஒயர்மேன் ஒருவரை அழைத்துப் பார்த்தேன். மோட்டாருக்குள் மாவும் நீரும் இறங்கிக் காப்பு கெடத் தொடங்கியிருந்தது. அந்த மாற்றுப் பிளக்கிலோ மூன்றாவது துளை வெறும் ஓட்டை மட்டுமே. உள்ளே உலோகமே இல்லை. மூன்று காலும் உள்ளே போனதால் எர்த் இருக்கிறது என்று நான் நம்பிவிட்டேன். அப்பாவைப்போல் நான் குனிந்து பார்க்கவில்லை. எங்கள் அடுக்களையில் நின்றிருந்தது அதே தோட்டத்து மோட்டார்தான். அளவில் மட்டும் சிறியது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எத்தனையோ வீடுகளில் இத்தகைய இயந்திரங்கள் இருக்கின்றன. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

நாம் செய்யக்கூடியவை

1. வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரத்திற்கு மாற்றுப் பிளக்கை நம்பாமல், ஒயர்மேனைக் கொண்டு நம் நாட்டு மூன்று கால் பிளக்கை முறையாக மாட்டிவிடுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி எர்த் காலுக்குச் செல்ல வேண்டும்.

2. பேனா மூடி, பென்சில் போன்றவற்றைத் துளையில் விட வேண்டா. எர்த் கால் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். செருகும்போது அது முதலில் தொடுகிறது. பிடுங்கும்போது கடைசியில் விடுகிறது. மற்ற இரு துளைகளை மூடியிருக்கும் மறைப்பைத் திறப்பதும் அதுவே. பேனா மூடி அந்தப் பூட்டை உடைக்கும் திருட்டுச் சாவியாகிறது.

3. எல்லா இரண்டு கம்பிக் கருவிகளும் ஆபத்தானவை அல்ல. சதுரத்திற்குள் சதுரம் வரைந்த குறியுள்ளவை இரட்டைக் காப்பு உடையவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை. உலோகக் கூடும் மோட்டாரும் தண்ணீரும் சேரும் கருவிகளிலேயே மிகுந்த கவனம் வேண்டும்.

4. இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது துண்டிப்பானை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பி இருக்கிறதா என்று சொல்லாது. அதை ஒயர்மேன்தான் அளந்து பார்க்க வேண்டும்.

5. விரலில் "எறும்பு ஊர்ந்தால்" அது விளையாட்டன்று. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பழுது பார்க்கும் வரை அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து, வகுப்பின் முன்னால் பிளக்கின் கால்களை அளவுகோலால் அளக்கச் சொன்னேன். "டீச்சர், இது மட்டும் நீளமா இருக்கு" என்று வியந்தான். ஏன் என்று விளக்கினேன். ஒரு வாரம் கழித்து அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தபோது, "வீட்டுல இருக்கிற பேனா மூடியை எல்லாம் இவன் ஒளிச்சு வெச்சிட்டான் டீச்சர்" என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

தம்புசாமிப் பிள்ளை அவர்களின் பெயரைப் பத்துமலையில் நினைப்பதோடு நின்றுவிடாமல், அறிவியல் வகுப்பிலும் நினைப்போம். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வெறுங்காலோடு நின்று உழைத்து மடிந்த பெயரறியாத மக்களையும் நினைப்போம். இன்று விதிநூலில் ஒரு வரியாக இருக்கும் அந்த மூன்றாவது கம்பி, அவர்களைப் போன்றோர் இழந்த உயிர்களால் எழுதப்பட்டது. அதை மாட்டாமல் விட்டுவிட்டு, பிறகு "நேரம்" என்று சொல்வது அவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் அநீதியாகும்.

இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், மாவரைக்கும் இயந்திரத்தின் பிளக்கை ஒருமுறை குனிந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை